கைராசிக்காரர் ஆவது எப்படி?

குழந்தைகளே! கோடை விடுமுறையில் ஊட்டிக்குப் போயிருக்கிறீர்களா? அவிநாசியில் கிளம்பினால் அன்னூர், மேட்டுப்பாளையம், குன்னூர் என்று நூறு கிலோமீட்டருக்குள் ஊட்டி வந்துவிடும். பூங்காவைச் சுற்றிப் பார்ப்பீர்கள், வர்க்கி வாங்குவீர்கள். திரும்பும்போது ஒரு பூச்செடி வேண்டும் என்று அடம் பிடிப்பீர்கள். அம்மாவும் வாங்கித் தருவார். அநேகமாக அது ஃபுஷியாவாக இருக்கும். ஜிமிக்கி போலத் தலைகீழாகத் தொங்குமே, சிவப்பும் ஊதாவுமாக, அந்தப் பூதான்.

வீட்டுக்கு வந்ததும் அதை வாசலில் வைக்கிறீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டி வந்து காட்டுகிறீர்கள். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுகிறீர்கள். நாலாம் நாள் மொட்டு கொட்டுகிறது. ஆறாம் நாள் இலை மஞ்சளாகிறது. பயந்துபோய் இன்னும் தண்ணீர் ஊற்றுகிறீர்கள். பத்தாம் நாள் வெறும் குச்சிதான் மிச்சம்.

"உனக்குக் கைராசி இல்லை கண்ணு" என்று பாட்டி சொல்லியிருப்பார். அதே பாட்டி ஒரு முருங்கைப் போத்தை வேலியோரம் ஊன்றினால் போதும், மறு வருஷம் காய் தொங்கும்!

கைராசி என்று ஒன்று உண்டா? உண்டு. ஆனால் அது பிறக்கும்போதே கையில் ஒட்டிக்கொண்டு வருவது இல்லை. பாட்டியைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். போத்தை வெட்டியதும் நட்டுவிட மாட்டார். சில நாள் நிழலில் போட்டு வெட்டுவாயைக் காயவிடுவார். எந்த முனை மரத்தில் கீழே இருந்ததோ அந்த முனைதான் மண்ணுக்குள் போக வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். தலைகீழாக நட்டால் சரியாக வேர் பிடிக்காது. மேல் முனையில் சாணி உருண்டை வைப்பார், உள்ளே ஈரம் காயாமல் இருக்க. இதையெல்லாம் அவருக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

அப்படிச் சொல்லிக் கொடுப்பதற்கென்றே உலகத்தில் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. தாவரவியல் பூங்காக்களில் தோட்டக்காரர் ஆவதற்குப் படிப்பு இருக்கிறது, பரீட்சை இருக்கிறது, ஓட்டப் பந்தயம்கூட இருக்கிறது!

மூன்று ரூபாய்த் தோட்டம்

முதலில் ஊட்டிப் பூங்காவின் கதையைக் கேளுங்கள்.

1840-களில் ஊட்டியில் குடியிருந்த வெள்ளைக்காரர்களுக்கு ஒரு குறை. முட்டைக்கோஸ், கேரட் போன்ற அவர்கள் நாட்டுக் காய்கறி மலிவாகக் கிடைக்கவில்லை. ஆளுக்கு மாதம் 3 ரூபாய் சந்தா போட்டு ஒரு காய்கறித் தோட்டம் தொடங்கினார்கள். பணம் இருந்தது, இடம் இருந்தது. ஆனால் தோட்டம் சரியாக நடக்கவில்லை. தொழில் தெரிந்த ஆள் வேண்டும் என்பது அப்போதுதான் புரிந்தது.

இங்கிலாந்தில் லண்டனுக்குப் பக்கத்தில் 'கியூ' என்று ஒரு தாவரவியல் பூங்கா இருக்கிறது. 1759-ல் தொடங்கியது. அங்கே வேலை பழகிய வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் என்ற இளைஞர் 1848-ல் ஊட்டிக்கு வந்து சேர்ந்தார். அவருக்கு அப்போது வயது 24 தான். ஸ்காட்லாந்துக்காரர். அவருடைய அப்பாவும் நாற்றங்கால் வைத்திருந்தவர்.

அவர் கையில் கொடுத்த இடம் எப்படி இருந்தது தெரியுமா? மேல் பக்கம் காடு, கீழ்ப் பக்கம் சேற்று நிலம். இன்று நாம் ஓடி விளையாடும் அந்தப் பச்சைப் புல்வெளி இருக்கும் பக்கம் அன்று கால் வைத்தால் புதையும். மெக்ஐவர் முதலில் பூச்செடியைத் தொடவே இல்லை. தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டினார். சரிவைப் படிப்படியாகத் தட்டு தட்டாக வெட்டினார். பாதை போட்டார். பூங்கா ஓர் உருவத்துக்கு வருவதற்குப் பத்து வருஷம் ஆனது. வேலை தெரிந்தவர்கள் செடிக்கு முன்னால் தண்ணீர் எங்கே போகும் என்றுதான் பார்ப்பார்கள்.

ஒன்றையும் மறந்துவிடக் கூடாது. அந்த மலை யாரும் இல்லாத வெற்று இடமாக இருக்கவில்லை. தோடர்கள் எருமை மேய்த்து வாழ்ந்த மலை அது. இன்றும் பூங்காவின் மேல் கோடிக்குப் போனால் தோடர்களின் மந்து ஒன்றைக் காணலாம். அடுத்த முறை போகும்போது புல்வெளியோடு திரும்பிவிடாமல் மேலேயும் ஏறிப் பாருங்கள்.

மரத்துக்குப் போட்ட கட்டு

மெக்ஐவரின் பெரிய சாதனை பூங்கா இல்லை என்பது என் எண்ணம். அது ஒரு மரம்.

அந்தக் காலத்தில் மலேரியாக் காய்ச்சல் வந்தால் பிழைப்பது கஷ்டம். அதற்கு இருந்த நல்ல மருந்து கொயினா. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் வளரும் சின்கோனா மரத்தின் பட்டையிலிருந்து அதை எடுத்தார்கள். 1860-ல் கிளமெண்ட்ஸ் மார்க்கம் என்பவர் அந்த மரத்தின் கன்றுகளைக் கடல் கடந்து கொண்டு வந்தார். வழியில் வெயில் தாங்காமல் பெரும்பாலான கன்றுகள் செத்துப் போயின. உங்கள் ஃபுஷியாவுக்கு நடந்ததுதான்!

பிறகு வந்த விதைகளையும் கன்றுகளையும் மெக்ஐவர் கவனமாக வளர்த்தார். ஒரு செடியிலிருந்து துண்டுகள் வெட்டி, வேர் விட வைத்து, அதிலிருந்து மறுபடி துண்டுகள் வெட்டி, தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சில ஆண்டுகளில் லட்சக்கணக்கில் பெருக்கிவிட்டார்.

அடுத்து ஒரு சிக்கல். பட்டையை உரித்தால் மரம் செத்துவிடும். மருந்து வேண்டும், மரமும் வேண்டும். என்ன செய்யலாம்? மெக்ஐவர் பட்டையை முழுவதும் உரிக்காமல் நீள நீளமான கீற்றுகளாக உரித்தார். இடையிடையே பட்டையை விட்டு வைத்தார். உரித்த இடத்தை ஈரப் பாசியால் மூடிக் கட்டினார். காயத்துக்கு நாம் கட்டுப் போடுகிறோமே, அதேபோல! பாசிக்கு அடியில் புதுப் பட்டை வளர்ந்தது. அந்தப் புதுப் பட்டையில் மருந்துச் சத்து முன்னைவிடக் கூடுதலாக இருந்தது. இது ஒரு தோட்டக்காரரின் யோசனை. மரத்தைத் தினமும் பார்த்துக்கொண்டே இருப்பவருக்குத்தான் இப்படித் தோன்றும்.

மெக்ஐவர் 1876-ல் காலமானார். ஊட்டியிலேயே, புனித ஸ்டீபன் தேவாலயத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது.

இருபது இலை, இருபது பெயர்

சரி, தோட்டக்காரர் பள்ளிக்கூடத்தில் என்னதான் சொல்லிக் கொடுப்பார்கள்?

கியூவில் 1859 முதல் முறையாகப் பாடம் நடக்கிறது. காலையில் கண்ணாடி வீட்டில் வேலை, அப்புறம் வகுப்பு. மாணவர்கள் ரொம்பப் பயப்படுவது செடி அடையாளப் பரீட்சைக்குத்தான். மேஜையில் இருபது போல கிளைகள் வைத்திருப்பார்கள். சிலவற்றில் பூ இருக்காது, இலை மட்டும்தான். பார்த்து, ஒவ்வொன்றின் அறிவியல் பெயரையும் குடும்பத்தையும் எழுத வேண்டும். எழுத்துப் பிழைக்கும் மதிப்பெண் போகும். சில வாரங்களில் அடுத்த பரீட்சை, வேறு இருபது செடிகள்!

"அந்த வாயில் நுழையாத பெயரெல்லாம் எதற்கு?" என்று கேட்பீர்கள். நித்தியகல்யாணிப் பூ தெரியும் அல்லவா? ஐந்து இதழ், இளஞ்சிவப்பு. அதையே சில ஊர்களில் சுடுகாட்டு மல்லி என்பார்கள், வேறு சில இடங்களில் பட்டிப்பூ. ஒரு செடிக்கு இத்தனை பெயர். இந்தச் செடியிலிருந்துதான் குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறார்கள். மருந்துக்குச் செடி வேண்டும் என்று ஜப்பானிலிருந்து ஒருவர் கேட்டால் எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பார்? கேத்தராந்தஸ் ரோசியஸ் என்றால் அவிநாசியிலும் டோக்கியோவிலும் அதே செடிதான்.

பரீட்சை மட்டும் இல்லை, விளையாட்டும் உண்டு. பழைய நாளில் கண்ணாடி வீட்டுத் தரை எப்போதும் ஈரமாக இருக்கும் என்பதால் தோட்டக்காரர்கள் மரக்கட்டைச் செருப்பு அணிந்தார்கள். அதை நினைத்துக் கியூ மாணவர்கள் மரக்கட்டைச் செருப்பும் மேலங்கியும் அணிந்து பூங்காவின் அகலப் பாதையில் ஓட்டப் பந்தயம் வைப்பார்கள். டொக் டொக் என்று சத்தம் காதைத் துளைக்குமாம்!

பெண்களுக்கு அங்கே இடம் கிடைத்தது 1896-ல். ஆனி கல்வின், ஆலிஸ் ஹட்சிங்ஸ் என்ற இருவர் முதலில் சேர்ந்தார்கள். ஆண்களைப் போலவே உடை அணிய வேண்டும் என்று விதி. வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியதாம். அவர்கள் கூட்டத்தைப் பொருட்படுத்தாமல் தொட்டி மாற்றிக் கொண்டிருந்தார்கள்.

பூவாளியின் பாடம்

எல்லாவற்றையும்விடக் கடினமான பாடம் எது? தண்ணீர் ஊற்றுவது! சிரிக்காதீர்கள். பூவாளியைப் பிடிக்க ஒரு நிமிஷத்தில் பழகலாம். எப்போது ஊற்றக் கூடாது என்று தெரிந்துகொள்ள வருஷக் கணக்கில் ஆகும்.

வேருக்கும் மூச்சு உண்டு. மண் துகள்களுக்கு நடுவே இருக்கும் சின்னச் சின்ன இடைவெளியில் காற்று இருக்கிறது. ஓயாமல் தண்ணீர் ஊற்றினால் அந்த இடைவெளியெல்லாம் நிரம்பி, வேர் மூச்சுத் திணறி அழுகிவிடும். அழுகிய வேர் தண்ணீரை உறிஞ்சாது, இலை வாடும். இலை வாடுகிறதே என்று நாம் இன்னும் ஊற்றுவோம்!

அந்தக் காலத் தோட்டக்காரர்கள் இதற்கு ஓர் உபாயம் வைத்திருந்தார்கள். மண் தொட்டியின் பக்கத்தில் ஒரு குச்சியால் தட்டிப் பார்ப்பார்கள். 'டங்' என்று மணிபோலக் கேட்டால் உள்ளே காய்ந்திருக்கிறது, ஊற்றலாம். 'தப்' என்று மந்தமாகக் கேட்டால் ஈரம் இருக்கிறது, விட்டுவிட வேண்டும். பிளாஸ்டிக் தொட்டியில் இது பலிக்காது. அதற்கு விரலை மண்ணில் விட்டுத்தான் பார்க்க வேண்டும்.

ஊட்டிப் பூங்காவில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு பாடமும் தெரியும். நாளை எண்ணுவது. அங்கே முதல் மலர்க் கண்காட்சி நடந்ததும் அதே 1896-ல்தான். இப்போதும் மே மாதத்தில் நடக்கிறது. பல ஆயிரம் தொட்டிகள் அந்தச் சில நாளில் பூத்து நிற்க வேண்டும். முன்னாலேயே பூத்துக் கொட்டிவிட்டாலும் வீண், மொட்டாகவே இருந்தாலும் வீண். எந்தச் செடி விதைத்து எத்தனை நாளில் பூக்கும் என்று தெரிந்து, மே மாதத்திலிருந்து பின்னோக்கி எண்ணி, குளிர்காலத்திலேயே விதைக்கத் தொடங்குகிறார்கள். நீங்கள் அரையாண்டுத் தேர்வு எழுதிக் கொண்டிருக்கும்போதே அங்கே கோடைக்கான வேலை நடக்கிறது!

அந்த மாதங்களில்தான் உறைபனி விழும். புல்வெளி உப்புத் தூவியதுபோல வெளுத்துவிடும். நாற்றுகளைத் தழையாலும் வலையாலும் மூடி வைப்பார்கள். விடியற்காலையில் வெயில் வருமுன் எழுந்து, இலைமேல் படிந்த பனியைத் தண்ணீர் தெளித்துக் கழுவுவார்கள். பனி படிந்த இலைமேல் சுள்ளென்று வெயில் பட்டால் கருகிவிடும். அந்தக் குளிரில் தண்ணீரைத் தொடுவது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்!

உலகின் மிகச் சின்ன அல்லி

இப்போது உங்கள் உள்ளங்கையை விரியுங்கள். அதன் நடுவில் வைத்துவிடலாம், அவ்வளவு சின்ன இலை கொண்ட ஓர் அல்லி இருக்கிறது. ஆப்பிரிக்காவில் ருவாண்டா என்ற நாட்டில், ஒரு வெந்நீர் ஊற்றுக்குப் பக்கத்தில் 1987-ல் ஜெர்மன் அறிஞர் ஒருவர் அதைக் கண்டுபிடித்தார். உலகிலேயே மிகச் சிறிய அல்லி அதுதான். ஊற்றுத் தண்ணீரை விவசாயத்துக்குத் திருப்பிவிட்டார்கள். 2008-ல் போய்ப் பார்த்தால் அந்த இடத்தில் ஒரு செடிகூட இல்லை!

ஜெர்மனியில் பான் நகரத் தாவரவியல் பூங்காவில் சில செடிகள் இருந்தன. அங்கிருந்து விதையும் நாற்றும் கியூவுக்கு வந்தன. கார்லோஸ் மக்டலேனா என்ற தோட்டக்காரரிடம் கொடுத்தார்கள். ஸ்பெயினிலிருந்து வந்து கியூவில் பயிற்சி பெற்றவர். அல்லிதானே என்று அவர் தண்ணீருக்குள் வளர்த்தார். முளைத்தது, வாடியது. தண்ணீரின் ஆழத்தை மாற்றினார், சூட்டை மாற்றினார். எல்லாம் செத்தன. விதை குறைந்துகொண்டே வந்தது.

ஒருநாள் வீட்டில் சமைத்துக் கொண்டிருந்தபோது அவருக்கு ஒன்று உறைத்தது. மற்ற அல்லிகள் ஆழத் தண்ணீரில் முளைத்து இலையை மேலே அனுப்பும். இது ஊற்றின் ஓரத்துச் சேற்றில் வாழ்ந்த செடி. தண்ணீருக்கு மேலே காற்று பட்டால்தானே அதற்குக் கரியமில வாயு போதுமான அளவு கிடைக்கும்! உடனே விதைகளைச் சின்னத் தொட்டிகளில் மண்ணில் ஊன்றி, தண்ணீர் மண்ணின் மேல்மட்டத்துக்குச் சரியாக இருக்கும்படி வைத்தார். வெதுவெதுப்பு 25 டிகிரி. செடிகள் பிழைத்துக் கொண்டன! 2009 நவம்பரில் முதல் பூ பூத்தது. அதன் மதிப்பு எவ்வளவு என்றால், 2014 ஜனவரியில் கியூவிலிருந்து ஒரு செடியை யாரோ திருடிக்கொண்டு போய்விட்டார்கள்!

காட்டுக்குள் ஒரு வகுப்பு

நம் பக்கத்திலேயே இப்படி ஓர் இடம் இருக்கிறது. கேரளத்தின் வயநாட்டில், பேரியா என்ற ஊரில் 'குருகுல தாவரவியல் சரணாலயம்'. ஜெர்மனியிலிருந்து வந்த வுல்ஃப்காங் தொயர்காஃப் என்பவர் 1981-ல் தொடங்கியது. மேற்குத் தொடர்ச்சி மலையில் அழியும் நிலையில் உள்ள செடிகளைக் காப்பாற்றி வளர்க்கிறார்கள். 2,000-க்கும் மேற்பட்ட வகைகள் அங்கே இருக்கின்றன. பெரணிகள், காசித்தும்பையின் காட்டு உறவினர்கள், மரக்கிளையில் ஒட்டி வளரும் ஆர்க்கிட்கள் என்று பார்த்துக்கொண்டே போகலாம்.

அவற்றை வளர்ப்பவர்கள் பெரும்பாலும் அக்கம்பக்கத்துக் கிராமத்துப் பெண்கள். கல்லூரியில் படித்து வந்தவர்கள் அல்ல. பாசி படிந்த கல்லில் எந்தச் செடி நிற்கும், மழை வலுக்கும் முன் எதை இடம் மாற்ற வேண்டும் என்பதையெல்லாம் வேலை செய்தே கற்றுக் கொண்டார்கள். பட்டம் பெற்றவர்கள்கூட அவர்களிடம் கற்றுக்கொள்ள வருகிறார்கள்!

நீங்கள் படித்துத்தான் வரப் போகிறீர்கள் என்றால் கோவைதான் பக்கம். மருதமலை சாலையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1906-லேயே கோவைக்கு வந்துவிட்ட வேளாண் கல்லூரிதான் 1971-ல் பல்கலைக்கழகமானது. அதற்குச் சொந்தமாகத் தாவரவியல் பூங்கா உண்டு. பிளஸ் டூ முடித்த பின் தோட்டக்கலையில் இரண்டாண்டுப் பட்டயப் படிப்பும், நான்காண்டுப் பட்டப் படிப்பும் படிக்கலாம். கையில் மண் படுவதைச் சிலர் மட்டமாகப் பேசுவார்கள். அவர்கள் வீட்டுத் தொட்டியில் என்ன நிற்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்!

ஃபுஷியாவுக்கு என்ன ஆனது?

மறந்துவிடவில்லை! அவிநாசி கடல் மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டர் சொச்சம் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி 2,240 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குளிரும். அப்படியானால் இரண்டு ஊருக்கும் நடுவே பன்னிரண்டு டிகிரி வித்தியாசம். குளிரிலும் மஞ்சிலும் வளர்ந்த செடியைக் கொண்டுவந்து நம் சித்திரை வெயிலில் வைத்தோம், கூடவே தண்ணீரிலும் மூழ்கடித்தோம். உங்கள் கையில் ஒரு குற்றமும் இல்லை. ஊர் மாறிப்போன செடி அது.

நம் ஊர் வெயிலுக்கென்றே பிறந்த மரம் ஒன்றைப் பார்க்க வேண்டுமா? அவிநாசிலிங்கேசுவரர் கோயிலுக்குப் போங்கள். அங்கே தல மரம் பாதிரி. கடலூர்ப் பக்கம் திருப்பாதிரிப்புலியூர் என்ற ஊருக்கே பெயர் கொடுத்த மரம். சித்திரைத் தேர்த் திருவிழாவை ஒட்டிப் பூக்கும் என்பார்கள். பூ குழாய் போல இருக்கும், வாசனை உண்டு. காய் நீளமானது. முற்றி வெடித்தால் சிறகு வைத்த விதைகள் காற்றில் பறக்கும்.

அடுத்த தேருக்குப் போகும்போது ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். மரத்தைத் தொந்தரவு செய்யாமல், கீழே உதிர்ந்த ஓர் இலையை மட்டும் எடுத்து வரையுங்கள். ஒரு காம்பில் எத்தனை சிற்றிலைகள்? எதிரெதிரா, மாறி மாறியா? ஓரம் வழவழப்பா, பல் பல்லாக இருக்கிறதா? வரைந்த பக்கத்தின் அடியில் அதன் பேரினப் பெயரையும் எழுதுங்கள்: ஸ்டீரியோஸ்பெர்மம். எழுத்துப் பிழை இல்லாமல் எழுதினீர்களா? கியூ கணக்கில் முதல் செடி முடிந்தது. இன்னும் பத்தொன்பது!